மெஷினுக்கு மத்தியான ஜுரம்

இனிமேல் காக்காய் ஓட்டுவதில்லை என்று சபதம் செய்தேன்.

சிரிக்காதீர்கள். சிலர் சிகரெட்டை விடுகிறார்கள். சிலர் சீட்டாட்டத்தை விடுகிறார்கள். நான் காக்காயை விட்டேன். பம்பாய் மாதுங்காவில், மொட்டை மாடி உள்ள கட்டடத்தில், வடாம் போடும் மனைவியோடு குடித்தனம் நடத்தியவனுக்குத்தான் இந்தச் சபதத்தின் வீரம் புரியும்.

மார்ச் பிறந்தால் என் மனைவி விசாலாக்ஷிக்கு வடாம் கிறுக்குப் பிடிக்கும். ஜவ்வரிசியைக் காய்ச்சி, என் பழைய வேஷ்டிகளை மாடியில் விரித்து, அவற்றின்மேல் வடாத்தைப் பிழிந்துவிட்டுக் கீழே வந்துவிடுவாள். அவள் வேலை அதோடு சரி. காய வைப்பது சூரியன் வேலை. தின்ன வருவது காக்காய் வேலை. ஓட்டுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உச்சி வெயிலில் ஒரு கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். குடை எனக்காக இல்லை. கறுப்பாக எதையாவது கண்டால் காக்காய் கிட்டே வராது என்பது விசாலத்தின் சாஸ்திரம். மாதுங்காக் காக்காய்களுக்குத் தமிழ் புரியும், ஹிந்தி புரியும், மராட்டி புரியும். சாஸ்திரம் மட்டும் புரியாது. என் குடையின் உச்சியிலேயே உட்கார்ந்துகொண்டு எந்த வடாம் நன்றாகக் காய்ந்திருக்கிறது என்று நிதானமாகப் பார்க்கும்.

அறுபத்தேழாம் வருஷம் எனக்கு விடுதலை வந்தது. கம்ப்யூட்டர் ரூபத்தில்.

பல்லார்ட் எஸ்டேட்டில் இருந்த எங்கள் சோப்புக் கம்பெனி, சம்பளக் கணக்குப் போட ஒரு கம்ப்யூட்டர் வாங்கியது. நாலு இரும்பு பீரோவை வரிசையாக நிறுத்தினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். அதற்குச் சூடு ஆகாதாம். ஆகவே அதன் அறைக்கு மட்டும் ஏர்கண்டிஷன். மனுஷன் உருகி வழிந்தாலும் மின்விசிறியைச் சரிசெய்யாத கம்பெனி, மெஷினுக்குக் காஷ்மீரத்தைக் கொண்டுவந்து வைத்தது. லெட்ஜர் ஹாலில் வியர்வை சொட்டி எட்டை மூன்றாக்கிக்கொண்டிருந்த என்னை, மெஷினுக்குத் துளை போட்ட கணக்கு அட்டைகளை ஊட்டும் வேலைக்கு மாற்றினார்கள்.

மே மாசத்து பம்பாயில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உத்தியோகம் பார்த்த தமிழன் நான். அந்த நாற்காலிக்காக உயிரையும் கொடுப்பேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் விசாலம் ஜவ்வரிசியை அளந்துகொண்டே ஆரம்பித்தாள்.

"நாளைக்குக் கார்த்தால சீக்கிரம் மாடிக்குப் போயிடுங்கோ."

"நாளைக்கு நான் ஆபீஸ் போகணும்."

"ஞாயித்துக்கிழமையா?"

"மெஷினுக்கு உடம்பு சரியில்லை."

"மெஷினுக்கு உடம்பா! என்ன உடம்பு?"

"சூடு. ப்ராஸஸர்னு ஒரு பீரோ இருக்கு. அதுதான் மூளை. அது கொதியாக் கொதிக்கறது. ஆள் பக்கத்துல இருந்து பாத்துக்கணும்."

"நீங்க பக்கத்துல இருந்தா சூடு குறையுமா? எனக்கு ஏறறதே!"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"புரியும்படியா சொல்லுங்கோ. எவ்வளவு சூடு?"

இங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. பொய் சொல்பவன் சுருக்கமாகச் சொல்லவேண்டும். நான் விஸ்தாரமாகச் சொன்னேன்.

"பின்பக்கம் முழுக்கக் கம்பி வலை. உள்ளேர்ந்து ஃபேன் சூட்டுக் காத்தைத் தள்ளிண்டே இருக்கும். நம்ம மாடி வெயிலெல்லாம் அதுக்கு முன்னாடி நிலா வெளிச்சம்! ஈரத்துணியைக் காட்டினா அரை மணியில மொடமொடன்னு ஆயிடும்."

"தூசி வராதோ?"

"தூசியா! செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ளேயே போகணும்."

"காக்கா?"

"காக்காயாவது! ஈ, கொசு வராது."

"ஓஹோ" என்றாள் விசாலம்.

அந்த ஓஹோவை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. மறுநாள் ஆபீசுக்குப் போய், குளுகுளு அறையில் இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டுத் தூங்கினேன். மெஷினுக்கு ஒரு வியாதியும் இல்லை. காக்காயை விசாலமே ஓட்டினாளாம். அவளைப் பார்த்ததும் அவை அடுத்த தெருவுக்கே குடிபோய்விட்டன என்று கேள்வி. அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் மெஷினுக்கு உடம்பு சரியில்லை.

அந்த வருஷம் மழை சொல்லிக்கொள்ளாமல் வந்தது. விசாலம் கடைசி ஈடு வடாத்தைப் பிழிந்து முடித்த அன்றே கொட்டித் தீர்த்தது. ஈர வடாம் எல்லாம் வீட்டுக்குள் வந்தது. இருப்பதோ ஒரு அறை, ஒரு அடுக்களை. கட்டிலில் வடாம். மேஜையில் வடாம். ரேடியோப் பெட்டி மேல் வடாம். நான் கதவுக்குப் பக்கத்தில் காலை மடக்கிக்கொண்டு படுத்தேன். வீடு முழுக்கப் புளித்த வாடை.

"ஏன்னா, ஒரு சின்ன ஒத்தாசை" என்றாள்.

"என்ன?"

"நாலே நாலு வேஷ்டி வடாம்தான். உங்க மெஷினுக்குப் பின்னாடி..."

"விசாலம்!"

நான் எழுந்து நின்றேன். வடாத்தில் கால் படாமல் நிற்க இடம் தேடிப் பிடித்து நின்றேன்.

"லட்சலட்சமாக் கொட்டி வாங்கின மெஷின் அது! கணக்குப் போடற மெஷின்! அதுல போய் உன் வடாத்தைக் காய வெக்கறதா? நான் மானஸ்தன்!"

"பூஞ்சக்காளான் பூத்துடும்னா. ஒரு வருஷத்து வடாம்."

"பூக்கட்டும்."

"அப்போ எடுத்துண்டு போகமாட்டேள்?"

"உயிர் போனாலும் மாட்டேன்."

"சரி" என்றாள்.

அவ்வளவுதான். அழவில்லை. கத்தவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் விசாலம் ஒரே தடவையில் 'சரி' சொன்னது அன்றைக்குத்தான். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மடையன்.

அந்த வாரமே மெஷின் நின்றது.

நாங்கள் மத்தியானச் சாப்பாடு முடிந்து உள்ளே வருகிறோம், 'டக்' என்று ஒரு சத்தம். விளக்கெல்லாம் அணைந்தது. ஓடிக்கொண்டிருந்த அட்டைகள் பாதியில் நின்றன. மெஷின் பந்த். ப்ராஸஸர் பீரோவைத் தொட்ட கையை உதறிக்கொண்டேன். தோசைக்கல். என் வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது.

மெஷின் விற்ற கம்பெனியிலிருந்து இன்ஜினியர் கரீம் பாட்சா வந்தார். வாணியம்பாடிக்காரர். பொறுமைசாலி. மெஷினைத் திறந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே எடுத்தார்.

"இது வியாதி இல்லீங்க சார். தற்காப்பு. உள்ளே சூடு ஒரு அளவைத் தாண்டினா தானா அணைஞ்சிடும். இல்லாட்டி மூளை வெந்துடும்."

"சூடு ஏன் தாண்டறது?"

"அதைத்தாங்க தேடணும்."

தேடினார். ஃபேன்கள் சுற்றின. காற்று உள்ளே போகும் வழியில் இருந்த வடிகட்டியைக் கழற்றிக் கழுவினார். ஏர்கண்டிஷனைச் சோதித்தார், பழுதில்லை. வெப்பமானியைக் கையில் வைத்துக்கொண்டு காலை முழுக்க மெஷினோடு உட்கார்ந்தார். மெஷின் சமர்த்தாக வேலை செய்தது. அவர் சாப்பிடப் போனார். திரும்பி வந்தார். டக். பின்பக்கம் போய்ப் பார்த்தால் அங்கே சுவரும் கம்பி வலையும்தான் இருந்தன. சிறிது நேரத்தில் சூடு தணிந்து மெஷின் மறுபடி ஒழுங்காக ஓடியது.

மறுநாள் ஒரு ஃபேனையே மாற்றினார். டக். அடுத்த நாள் உள்ளே இருந்த மின்சுற்றுப் பலகைகளை மாற்றினார். டக்.

"எனக்குப் பைத்தியம் பிடிக்குதுங்க சார்" என்றார் கரீம் பாட்சா. "காலையில சுகம், மத்தியானம் ஜுரம், சாயங்காலம் சுகம். மலேரியாகூட இவ்வளவு ஒழுங்கா வராது."

பியூன் பூதத்தான் தாராவியிலிருந்து வருகிறவன், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவன் வேறு நோயைக் கண்டுபிடித்தான்.

"சார்வாள், இது கண்ணேறுல்லா! எம்புட்டுப் பெரிய மெஷினு! ஊர்க்கண்ணு பூரா இது மேலதான் கெடக்கு. ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிக் கெட்டுவோம்."

கட்டினோம். அன்றைக்கும் டக். எலுமிச்சம்பழம் மட்டும் வாடாமல் இருந்தது, அறை குளுகுளு என்று இருந்ததால்.

எங்கள் செக்‌ஷன் தலைவர் அனந்தநாராயணன்தான் இந்தக் கஷ்டத்தில் தைரியம் சொன்னார். மாதுங்காவில் எங்களுக்கு அடுத்த தெரு. அவர் மனைவி மீனாட்சியம்மாளும் விசாலமும் வெள்ளிக்கிழமை பஜனையில் சிநேகிதம். ஆபீசில் அவர் புலி. ஆனால் சமீபத்தில் புலி பசுவாகியிருந்தது. "நீங்கள்லாம் வெளியில போய்க் காத்தாடச் சாப்பிடுங்கோப்பா. லஞ்ச் வேளையில மெஷினை நான் பாத்துக்கறேன்" என்று அறைக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார். வீட்டுச் சாப்பாடு கொண்டுவரும் டப்பாவாலா எங்களுக்கெல்லாம் ஒரு டப்பா கொண்டுவந்தால் அவருக்கு மட்டும் இரண்டு கொண்டுவந்தான். ஒவ்வொன்றும் கோபுரம் மாதிரி அடுக்கு. பெரிய உத்தியோகம், பெரிய பசி என்று நினைத்தேன்.

கடைசியில் விஷயம் கம்பெனித் தலைவரான பெரிய துரையின் காதுக்குப் போயிற்று. எங்களைக் கூப்பிட்டு நிற்கவைத்தார். சனிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் மெஷினை விற்றவனுக்கே திருப்பி அனுப்பிவிடுவேன், எல்லோரும் லெட்ஜர் ஹாலுக்குப் போகலாம் என்றார்.

லெட்ஜர் ஹால்! கிறீச் கிறீச் மின்விசிறி! எட்டு மூன்றாகும் வியர்வை! அன்றைக்கு ரயிலில் தொங்கிக்கொண்டு வரும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் நாற்காலி போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமைச் சாக்கும் போய்விடும். மறுபடி மாடி. மறுபடி குடை. மறுபடி காக்காய்.

தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"என்னன்னா, மூஞ்சி இப்படித் தொங்கறது?"

"மெஷின் தினம் மத்தியானம் நின்னுபோறது, விசாலம். யாருக்கும் காரணம் தெரியலை. சனிக்கிழமையோட என் உத்தியோகம் லெட்ஜர் ஹாலுக்கு."

"ஐயோ பாவம். மத்தியானம்தான் நிக்கறதா?"

"சாப்பாடு ஆனதும்."

"அதுக்கும் தூக்கம் வரதோ என்னமோ. பக்கத்துல உக்காந்திருக்கறவாளைப் பாத்துப் பழகியிருக்கும்."

"விளையாடாதே விசாலம். நான் செத்துண்டிருக்கேன்."

"செத்துண்டே ரெண்டு வடாம் போட்டுக்கோங்கோ."

பொரித்த வடாம். கடித்தேன். மொறுமொறு என்று வாயில் கரைந்தது. வெளியே மழை கொட்டுகிறது. நான் உட்கார்ந்திருக்கும் பலகைகூட நமுத்திருக்கிறது. வடாம் மட்டும் இப்படியா?

"இது எப்படிக் காஞ்சுது?"

"பகவான் அனுக்கிரகம்" என்றாள் விசாலம், கண்ணை மூடிக்கொண்டு.

நானும் பகவானை வேண்டிக்கொண்டு இன்னும் நாலு வடாம் போட்டுக்கொண்டேன். சொல்லுங்கள், என்னைவிட அசடு பம்பாயில் உண்டா?

வெள்ளிக்கிழமை எனக்கு வெறி வந்துவிட்டது. கரீம் பாட்சா பார்த்தாயிற்று. பூதத்தான் பார்த்தாயிற்று. அனந்தநாராயணன் சாப்பாட்டில் மும்முரமாக இருக்க, மெஷினை யாருமே பார்க்காத வேளை ஒன்றுதான். லஞ்ச். எல்லோரும் எழுந்து போகும்போது நான் மட்டும் அட்டைகள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் பதுங்கினேன். பெருச்சாளிதான் வருகிறது, கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று ஒரு ரூல்தடியையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

கதவு சாத்தும் சத்தம். தாழ் போடும் சத்தம். அனந்தநாராயணன் நின்றுகொண்டிருந்தார். டப்பாவைத் திறந்தார். மேல் அடுக்கில் சாம்பார் சாதம். அதைத் தொடவில்லை. இரண்டாம் அடுக்கைத் திறந்தார். வெள்ளைத் துணிச் சுருள். மூன்றாம் அடுக்கு, இன்னொரு சுருள். புலி முட்டி போட்டது. ப்ராஸஸர் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்தது. இடுப்பிலிருந்து துணி மாட்டும் கிளிப்புகளை எடுத்து, கம்பி வலை முழுவதையும் மூடித் துணியை மாட்டியது.

துணி முழுக்க வடாம்.

"ஸார்!" என்று அலறிவிட்டேன்.

அவர் தூக்கிவாரிப் போட்டு எழுந்ததில் தலை பீரோவில் இடித்தது.

"பஞ்சாபகேசா! நீயா! சத்தம் போடாதேப்பா!"

"ஸார், நீங்களா ஸார்! மெஷின் மூச்சு முட்டிச் சாகறதே ஸார்! என் நாற்காலி ஸார்!"

"என்னை என்ன பண்ணச் சொல்றே? எங்காத்து மாமியை உனக்குத் தெரியாது."

"துரைகிட்ட இப்பவே போய்..."

"போ. நன்னா போ. அந்தத் துணி யாரதுன்னு பாத்துட்டுப் போ."

பார்த்தேன். ஓரத்தில் டோபி போட்ட மைக்குறி. மூன்று புள்ளி, ஒரு கோடு. என் குறி. என் வேஷ்டி!

மறுபடி குனிந்து பார்த்தேன். அதே குறிதான்.

"எங்காத்து வடாம் மட்டும் இல்லைப்பா" என்றார் அனந்தநாராயணன், தலையைத் தேய்த்துக்கொண்டே. "பஜனை கோஷ்டி மொத்தமும் இருக்கு. தினம் ஒரு ஆத்து முறை. இன்னிக்கு மறுபடி உங்காம். லஞ்ச் முடியறதுக்குள்ள எடுத்துச் சுருட்டி வெச்சுடறேன். எனக்கென்ன தெரியும் அதுக்குள்ள மெஷினுக்கு மாரடைக்கும்னு? தெரிஞ்சப்புறம் நிறுத்த மாமி விட்டாத்தானே!"

"இந்த யோசனை யாரோடது ஸார்?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"உன்னோடதுன்னுதான் மாமி சொன்னா. தூசி கிடையாது, காக்கா கிடையாது, அரை மணியில மொடமொடன்னு ஆயிடும்னு நீயே சொன்னியாமே?"

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே கத்த ஆரம்பித்தேன்.

"விசாலம்! உன் மனசு கல்லா? நான் முடியாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னேள்."

"நீ சரின்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன். நீங்க எடுத்துண்டு போக வேண்டாம்னு சரின்னேன். நீங்க எடுத்துண்டு போனேளா?"

நான் பேச்சை மாற்றினேன்.

"என் உத்தியோகம் போயிடும்டி!"

"எப்படிப் போகும்? நாளைலேர்ந்து வடாம் வராது. மெஷின் நிக்காது."

"காரணம் என்னன்னு துரை கேப்பாரே! என்ன சொல்றது? வடாம்னு சொன்னா அனந்தநாராயணன் போவார். வேஷ்டியைக் காட்டினா நான் போவேன்."

விசாலம் காபியை ஆற்றிக்கொண்டே யோசித்தாள். அவள் யோசித்தால் எனக்குத்தான் வினை வரும். அன்றைக்கு என்னவோ, கடவுளே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"சூட்டுக் காத்து அந்த ரூமுக்குள்ளேயே சுத்தறதுன்னு சொல்லுங்கோ. அடுக்களைக்குப் புகைபோக்கி வெக்கறோமோல்லியோ? அது மாதிரி ஒரு தகரக் குழாயை வெச்சுச் சூட்டை அடுத்த ரூமுக்கு அனுப்பிடுங்கோ. அங்க ஜன்னலைத் திறந்து வெச்சா வெளியில போயிடும். பக்கத்துல ஏதாவது ரூம் இருக்கோ?"

"பழைய காகிதம் போட்டு வெக்கற ஸ்டோர் ரூம் இருக்கு."

"நல்ல பெரிய ரூமோ?"

"பெரிசுதான்."

"ஓஹோ" என்றாள்.

இரண்டாவது ஓஹோ. இதையும் நான் கவனிக்கவில்லை. ஆனந்தத்தில் காபியை ஒரே மூச்சில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை, யோசனையை என் சொந்த யோசனையாகக் கரீம் பாட்சாவிடம் அவிழ்த்தேன். அவர் துள்ளிக் குதித்தார். "அருமைங்க சார்! ஏர்கண்டிஷனுக்கும் பாரம் குறையும்!" பூதத்தான் ஓடிப்போய்த் தாராவியிலிருந்து தகரக்காரனை அழைத்துவந்தான். பீரோவின் பின்பக்க வலையை மூடி ஒரு குழாய், சுவரில் துளைபோட்டு ஸ்டோர் ரூமுக்குள் போயிற்று. லஞ்ச் வந்தது. டப்பாவாலா அனந்தநாராயணனுக்கு ஒரே ஒரு டப்பாதான் கொண்டுவந்தான். லஞ்ச் முடிந்தது. எல்லோரும் மெஷினைச் சுற்றி நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

டக் இல்லை. அட்டைகள் ஓடின. எலுமிச்சம்பழம்தான் காரணம் என்று பூதத்தான் சொன்னான்.

பெரிய துரை வந்து என் கையைக் குலுக்கினார். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். இந்த ஆபீசிலேயே சூட்டின் போக்கும் வரத்தும் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று ஆரம்பித்துக் கால் மணி பேசினேன். துரை அசந்துபோனார். சூட்டு நிபுணர் என்று எனக்குப் பட்டம் கொடுத்தார். என் நாற்காலியில் போய் உட்கார்ந்து ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டேன். இனி யார் நினைத்தாலும் என்னை அசைக்க முடியாது.

அனந்தநாராயணன் தொண்டையைக் கனைத்தார்.

அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று துரையிடம் கவலைப்பட்டார். ஸ்டோர் ரூம் ஜன்னல் எப்போதும் திறந்திருக்க வேண்டும், புறா வரும், கூடு கட்டும், குழாயை அடைக்கும், மெஷின் நிற்கும். குழாயின் வாயருகே ஆள் ஒருவர் எப்போதும் இருக்கவேண்டும் என்றார். சாதாரண ஆள் போதாது, நிபுணர் வேண்டும் என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

சாயங்காலத்துக்குள் என் மேஜையையும் நாற்காலியையும் பூதத்தான் ஸ்டோர் ரூமுக்கு இழுத்துப்போய்விட்டான். போய் நின்று பார்த்தேன். குழாயிலிருந்து அனல் வீசியது. லெட்ஜர் ஹாலே ஊட்டி என்று தோன்றியது. கண்ணாடி வியர்த்தது. ஸ்வெட்டரைக் கழற்றினேன். அப்புறம் கோட்டை. அப்புறம் கழற்ற நாகரிகம் இடம் தரவில்லை.

"ஸார், இது ரூம் இல்லை ஸார், அடுப்பு!" என்று அனந்தநாராயணனின் கையைப் பிடித்துக்கொண்டேன். "நான் உங்களைக் காட்டிக் கொடுக்கலையே ஸார்! எனக்கு ஏன் இந்தத் துரோகம்?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. துரைகிட்ட இப்படிச் சொல்லுங்கோன்னு கார்த்தால மாமி உருப்போட வெச்சு அனுப்பினா. மாமிக்கு யார் சொன்னாளோ, அது உனக்குத்தான் தெரியணும்."

எனக்குத் தெரிந்தது. மெஷினுக்காவது சூடு ஏறினால் அணைந்துகொள்ளத் தெரியும். எனக்குச் சூடும் இல்லை, சொரணையும் இல்லை. வீட்டுக்குப் போனேன். விசாலமே ஆரம்பித்தாள்.

"நிபுணர்னு துரையே சொன்னாராமே! மீனாட்சி மாமி சொல்லியனுப்பினா. எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமா?"

"விசாலம், அந்த ரூம்ல மனுஷன் இருக்க முடியாது. ஈரத்துணியா இருந்தா நிமிஷத்துல காஞ்சுடும்."

"ஆமாம்" என்றாள் திருப்தியாக. "பெரிய ரூம்னு நீங்க சொன்னேளே."

அன்றைக்கு வீட்டில் கட்டில் காலியாக இருந்தது. மேஜை காலியாக இருந்தது. ரேடியோப் பெட்டி காலியாக இருந்தது. நமுத்த வடாம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அடுக்களையில் மட்டும் ஆறு கோபுர டப்பாக்கள் வரிசையாக நின்றன.

திங்கட்கிழமை காலை மழை விட்டு வானம் பளிச்சென்று இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படி இறங்கினேன். விசாலம் பின்னாலேயே ஓடிவந்து கறுப்புக் குடையை என் கையில் திணித்தாள்.

"மழைதான் விட்டுடுத்தே. குடை எதுக்கு?"

"மழைக்கு இல்லேன்னா. அந்த ரூம்ல ஜன்னல் திறந்திருக்கு, காக்கா வரும்."